சமூகத்தின் பெயரில் வர்த்தக சபை தொடங்கலாமா? பதிவு, வரி, நிலுவை வசூல் பற்றி

பந்தர் தெரு கேட்டது:

வணக்கம். பந்தர் தெரு, ஆண்டர்சன் தெரு, நைனியப்ப நாயக்கன் தெரு சுற்றுவட்டாரத்தில் கடை வைத்திருக்கும் எங்கள் சமூகத்தார் அறுபது பேர் சேர்ந்து ஒரு வர்த்தக சபை தொடங்குவதாகப் பேச்சு நடக்கிறது. எல்லாருக்கும் பூர்வீகம் தென் மாவட்டத்தில் ஒரே வட்டாரம். பெரும்பாலும் காகிதம், ஸ்டேஷனரி, பேக்கிங் சாமான் மொத்த வியாபாரம். சிலர் அட்டைப்பெட்டி, நோட்டுப் புத்தகம் தயாரிக்கிறார்கள். நாலைந்து பேர் ஏற்றுமதி.

கோயில் கொடைக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் ஏற்கெனவே ஒரு சங்கம் இருக்கிறது. அதன் பைலாவில் இரண்டு வரி சேர்த்து அதையே சபையாக்கிவிடலாம் என்பது பெரியவர்கள் கருத்து. தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறார்கள் இளையவர்கள். எது சரி? சங்கமாகப் பதிவதா, செக்‌ஷன் 8 கம்பெனியா (லாபநோக்கற்ற கம்பெனி)? வெளியில் நிற்கும் பாக்கியை வசூலிக்க சபை சட்டப்படி என்ன செய்யலாம்? தெருவுக்குத் தெரு வியாபாரிகள் சங்கம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

எஸ்பிளனேடு எழுதியது:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் தெரியாமல் பதிவு செய்தால் பெயர்ப்பலகை மட்டும்தான் மிஞ்சும்.

சென்னையில் வர்த்தக சபைகள் ஆரம்பத்திலிருந்தே ஆள் பார்த்துச் சேர்ந்தவைதான். 1836இல் தொடங்கிய மெட்ராஸ் சேம்பர் ஐரோப்பிய வணிகர்களுடையது. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற வெள்ளைக்கார வங்கி நிறுவனம் திவாலாகி ஊரார் சேமிப்பெல்லாம் போன பிறகு, நம் பணத்தை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1907இல் இந்தியன் வங்கி வந்தது. 1909இல் இந்திய வணிகர்களுக்காகத் தென்னிந்திய வர்த்தக சபை வந்தது. முதல் தலைவர் பிட்டி தியாகராயர். 1928இல் சென்னைத் தெலுங்கு வணிகர்கள் ஆந்திரா சேம்பரைத் தொடங்கினார்கள். வடநாட்டு வணிகர்கள் கூடிய இந்துஸ்தான் சேம்பர் 1945இல். வெள்ளையர் ஆட்சியில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் வணிக அமைப்புகளுக்கென்று தனித் தொகுதிகள் இருந்தன. அவற்றில் ஒன்று நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்கு. அரசோடு பேசும் வாய் வேண்டும் என்பதற்காகவே பல சபைகள் பிறந்தன.

இன்னொரு மரபு தெற்கே. பழைய ராமநாதபுரம் மாவட்டத்து ஊர்களில் நாடார் உறவின்முறைகள் (ஊர்ச் சமூக அமைப்புகள்) மகமை வசூலித்தன: விற்கும் சரக்கின் அளவுக்கு ஏற்றபடி பொது நிதிக்கு ஒரு சிறு தொகை. வியாபாரம் கூடினால் நிதியும் கூடும். யாரிடமும் போய்க் கையேந்த வேண்டியதில்லை. அதிலிருந்து பேட்டை, சத்திரம், பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. 1910இல் நாடார் மகாஜன சங்கம், 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாற்றிக்கொண்டது. இதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. பள்ளி தனி, சங்கம் தனி, வங்கி தனி. ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், தனிக் கணக்கு. கோயில் கொடைச் சங்கத்தைச் சபையாக்கினால் கொடைக்கு வந்த பணமும் வணிகத்துக்கு வந்த பணமும் ஒரே பேரேட்டில் விழும். முதல் சண்டை அங்கேதான் வெடிக்கும்.

தெருச் சங்கம் ஒரே சரக்கு விற்கிறவர்களின் கூட்டம். குப்பை, பார்க்கிங், லாரி நுழையும் நேரம், மே 5 வணிகர் தினம் ஆகியவற்றுக்கு அது போதும். ஆனால் பக்கத்துக் கடைக்காரரிடம் தன் வாடிக்கையாளரின் பாக்கியைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அவர் போட்டியாளர். சமூக சபையில் காகிதக் கடைக்காரர், லாரி புக்கிங் ஆபீஸ்காரர், ஆடிட்டர், பெட்டி தயாரிப்பவர் எல்லாரும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். கடன் கொடுக்கத் தகுந்தவர் யார் என்ற செய்தி அங்கேதான் உண்மையாகப் புழங்கும். அதற்காகத் தொடங்குங்கள். பொன்னாடை போர்த்துவதற்கு என்றால் இருக்கும் சங்கமே போதும்.

தணிக்கை மேசை எழுதியது:

பதிவையும் வரியையும் நான் சொல்கிறேன். கூடியவரை எளிமையாக.

முதலில் முடிவு செய்ய வேண்டியது சங்கமா கம்பெனியா என்பதே கிடையாது. கதவு யாருக்குத் திறந்திருக்கும் என்பதுதான். பைலாவில் உறுப்பினர் தகுதி என்று எழுதும் அந்த ஒரு பத்தி உங்கள் வரி நிலையைத் தீர்மானித்துவிடும்.

குறிப்பிட்ட சாதிக்கோ மதச் சமூகத்துக்கோ மட்டும் பயன் தரும்படி 1962 ஏப்ரலுக்குப் பின் தொடங்கிய அறநிலையத்துக்கு, 1961 வருமானவரிச் சட்டம் பிரிவு 13(1)(பி) படி விலக்கு கிடையாது. அதாவது, ‘இன்ன சாதி வணிகர் மட்டும்’ என்று எழுதிவிட்டு 12ஏபி பதிவு (அறநிலைய வரிவிலக்குப் பதிவு) வாங்கினாலும் மதிப்பீட்டில் விலக்கு நிற்காது. மறுபுறம், 1964இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சென்னையின் ஆந்திரா சேம்பர் வழக்கிலேயே, வணிகத்தை வளர்ப்பது பொதுப் பயன்பாட்டு நோக்கம்தான், நாடு முழுவதும் பயன்பெற வேண்டியதில்லை, பொதுமக்களில் ஒரு பிரிவினர் பயன்பெற்றாலே போதும் என்று சொல்லி, அதன் கட்டட வாடகை வருமானத்துக்கு விலக்கை ஏற்றது. ஒரு வட்டாரத்தின் வணிகத்தை வளர்ப்பது என்று எழுதுவதற்கும் ஒரு சாதியின் வணிகரை வளர்ப்பது என்று எழுதுவதற்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறது.

ஆனால் 1964 தீர்ப்பை மட்டும் நம்பி உட்காராதீர்கள். பின்னால், அறநோக்கம் எது என்று சொல்லும் பிரிவு 2(15)இல் ஒரு நிபந்தனை வந்தது: கட்டணம் வாங்கிச் செய்யும் வணிகத் தன்மையுள்ள வேலைகளின் வரவு, மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 2022 அக்டோபரில் அகமதாபாத் நகர்ப்புற வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கிப் பிடித்தது. அடக்க விலைக்கோ சிறு கூடுதலுக்கோ செய்தால் வணிகமாகாது. கணிசமான லாபம் வைத்தால் ஆகும். கண்காட்சி நடத்தி ஸ்டால் வாடகையில் சம்பாதிக்கும் சபைகள் மாட்டுவது இங்கேதான்.

விலக்கே வேண்டாம், எங்களுக்குள் மட்டும் வைத்துக்கொள்கிறோம் என்றால் பரஸ்பரக் கோட்பாடு என்ற வழி இருக்கிறது. உறுப்பினர் கட்டும் சந்தா உறுப்பினருக்கே செலவானால் மிச்சத்துக்கு வரி இல்லை. இதில் இரண்டு ஓட்டை. வங்கி வைப்புத்தொகை வட்டிக்கு இது செல்லாது. பெங்களூர் கிளப் வழக்கில் 2013லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்து, வணிகச் சங்கம் உறுப்பினருக்குச் செய்யும் குறிப்பிட்ட சேவைக்குத் தனிக் கட்டணம் வாங்கினால், பிரிவு 28(iii) படி அது தொழில் வருமானம். சான்றிதழ், கடிதம், பயிற்சி என்று தனித்தனி ரசீது போடும் சபைகள் இதைக் கவனிப்பதில்லை. (நான் சொன்னவை 1961 சட்டத்தின் எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம், எண்கள் மாறியிருக்கும். தாக்கல் செய்யும்போது உங்கள் ஆடிட்டரிடம் புது எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

ஜிஎஸ்டி: சந்தாவும் சப்ளைதான் (அதாவது வரிக்கு உட்பட்ட சேவைதான்) என்று 2021இல் சட்டத்தைத் திருத்தி 2017 ஜூலை முதல் பொருந்தும்படி செய்தார்கள். இருந்தாலும் வணிக வளர்ச்சிக்கான லாபநோக்கற்ற அமைப்பு உறுப்பினரிடம் ஆண்டுக்கு 1,000 ரூபாய் வரை வாங்கும் சந்தாவுக்கு விலக்கு உண்டு. மொத்த வரவு ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் இருக்கும்வரை பதிவே தேவைப்படாது. அறுபது பேர் சந்தாவில் அதைத் தொட மாட்டீர்கள். ஒரே ஒரு கண்காட்சியும் விளம்பர மலரும் போட்டால் தாண்டிவிடுவீர்கள்.

இப்போது சங்கமா கம்பெனியா. 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் போதும், மாவட்டப் பதிவாளர் அலுவலகம், செலவு குறைவு. சிக்கல் தேர்தலுக்குப் பின்னால் வரும். நிர்வாகிகள் மாறினால் படிவம் 7 தாக்கல் செய்ய வேண்டும். இரு கோஷ்டியாகிவிட்டால் இரண்டு பேரும் தனித்தனிப் படிவம் 7 கொண்டுபோய் வைப்பார்கள். எது செல்லும் என்ற வழக்கு சிவில் கோர்ட்டுக்குப் போகும். அதுவரை வங்கிக் கணக்கு முடக்கம். சமூக அமைப்புகள் பத்துப் பதினைந்து வருடம் செயலற்றுக் கிடப்பதற்கு இதுதான் பெரிய காரணம். செக்‌ஷன் 8 கம்பெனியில் இயக்குநர் நியமனம், நீக்கம் எல்லாம் கம்பெனிப் பதிவாளர் தளத்தில் ஏறுவதால் ஆள்மாறாட்டத்துக்கு இடம் குறைவு. அதற்குக் கொடுக்கும் விலை, ஒழுங்காகப் படிவம் தாக்கல் செய்வது: பொதுக்குழு கூடிய 30 நாளில் ஏஓசி-4 (கணக்கு), 60 நாளில் எம்ஜிடி-7 (ஆண்டறிக்கை). தாமதமானால் படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. இரண்டு வருடம் மறந்தால் லட்சத்தைத் தாண்டும்.

என் கருத்து: சம்பள ஊழியர் ஒருவரை வைக்க முடியும் என்றால் செக்‌ஷன் 8. முடியாதென்றால் சங்கம், ஆனால் தேர்தல் விதியை ஒரு தேர்ந்த வக்கீலை வைத்து எழுதுங்கள்: வாக்காளர் பட்டியல் எந்தத் தேதியில் மூடப்படும், சந்தா பாக்கிக்காரருக்கு வாக்கு உண்டா, தேர்தல் அதிகாரி யார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

ராயபுரம் எழுதியது:

சார் சொல்லும் சட்டம் சரி. ஆனால் கதவைத் திறந்தால் சமூக சபை என்ற பொருளே போய்விடும். வெளி ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ‘அவனுக்குக் கடன் கொடுக்காதே’ என்று எவன் வாய் திறப்பான்? எங்கள் ஆள் என்ற கூச்சம் இருப்பதால்தான் ஒருவன் ஏமாற்றப் பயப்படுகிறான்.

தணிக்கை மேசை எழுதியது:

ராயபுரம் அண்ணே, அந்தக் கூச்சத்தை நானும் மதிக்கிறேன். சமூக சபையின் மூலதனமே அதுதான். அதைக் காப்பாற்றச் சாதிப் பெயரை எழுத வேண்டியதில்லை. ‘சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் காகிதம், பேக்கிங் மற்றும் சார்ந்த வணிகம் செய்பவர், இரண்டு உறுப்பினர்கள் முன்மொழிய வேண்டும், செயற்குழு ஏற்க வேண்டும்’ என்று எழுதினால் தெரிந்தவர்தான் உள்ளே வருவார். முன்மொழிந்த இருவரும் அவருடைய நாணயத்துக்குப் பொறுப்பு. பெயரில் வட்டாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காகிதத்தில் திறந்து வைத்துவிட்டு நடைமுறையில் ஒருவரைக்கூட வெளியிலிருந்து சேர்க்காவிட்டால், உறுப்பினர் பட்டியலைப் பார்த்தே அதிகாரி கேள்வி கேட்பார். உண்மையாகவே சேருங்கள்.

உயர்நீதிமன்ற வளாகம் எழுதியது:

பாக்கி வசூலுக்கு வருகிறேன். மொத்த வியாபாரிக்குச் சமூக சபை ஏன் அவசியம் என்பது இங்கேதான் தெரியும்.

சிறு உற்பத்தியாளருக்கு 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் இருக்கிறது: 45 நாளுக்குள் பணம் வர வேண்டும், தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி, அந்தச் சட்டப்படி அமைந்த வசதியாக்க மன்றத்தில் மனு. பெட்டியும் நோட்டும் தயாரிக்கும் உங்கள் உறுப்பினர்கள் இதைப் பயன்படுத்தலாம்; பில் போடுவதற்கு முன்பே உத்யம் பதிவு (இந்தச் சட்டப்படியான தொழில் பதிவு) எடுத்து வைத்திருப்பது பாதுகாப்பு. வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தக் கதவு அடைப்பு. 2021 ஜூலையில் வியாபாரிகளுக்கும் உத்யம் பதிவு திறந்தார்கள், ஆனால் முன்னுரிமைக் கடன் சலுகைக்கு மட்டும். ஆகவே அவருக்கு மிஞ்சுவது செக் வழக்கு, சிவில் வழக்கு, அல்லது பேசித் தீர்ப்பது. மூன்றாவது உங்கள் சபையின் வேலை.

பேசித் தீர்க்கும்போது காலக்கெடு கையைவிட்டுப் போவதுதான் பெரிய ஆபத்து. செக் திரும்பி வந்தால், வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்த பிறகு எதிராளிக்கு 15 நாள். அதன் பின் ஒரு மாதத்துக்குள் புகார். ‘சபையில் பேசிக்கொண்டிருக்கிறோம், நோட்டீஸ் அனுப்பி உறவைக் கெடுக்காதே’ என்று ஒரு பெரியவர் சொல்வார். 31ஆம் நாள் வழக்கு செத்துவிடும். நோட்டீஸ் போன பின்னும் பேசலாம் என்பதைச் சபை விதியாகவே எழுதுங்கள். சாதாரணப் பாக்கிக்கு மூன்று வருடம். அது முடிவதற்குள் கடனாளியிடம் ‘இன்ன தேதியில் இவ்வளவு பாக்கி’ என்று கையெழுத்து வாங்கினால், 1963 காலவரையறைச் சட்டம் பிரிவு 18 படி அன்றிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். சமரசம் முடியாமல் போனாலும் இந்த ஒரு தாளை வாங்கிக் கொடுத்தாலே சபை உறுப்பினருக்குப் பெரிய உதவி செய்ததாகும்.

கட்டுப்படுத்தும் தீர்ப்பு வேண்டும் என்றால் வாய்ப் பஞ்சாயத்து போதாது. 1996 நடுவர் தீர்ப்புச் (ஆர்பிட்ரேஷன்) சட்டப்படி எழுத்தில் உடன்படிக்கை வேண்டும். உறுப்பினர் விண்ணப்பத்திலேயே அந்த வாசகத்தைச் சேருங்கள். உறுப்பினர்களுக்கு இடையே அது செல்லும். வெளி வாடிக்கையாளருக்குப் பில்லின் அடியில் பொடி எழுத்தில் அடிப்பதை நம்பாதீர்கள். கணக்கு தொடங்கும் அன்றே ஒரு பக்கப் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். நடுவர்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருக்க வேண்டும், அதாவது ஒருவர் அல்லது மூவர். சமூக சபைகளில் தீர்ப்பு உடைவது பெரும்பாலும் உறவினால்: நடுவர் ஒரு தரப்புக்கு நெருங்கிய குடும்ப உறவு என்றால் ஏழாவது அட்டவணைப்படி அவர் தகுதியிழக்கிறார். தகராறு எழுந்த பிறகு இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே அவர் உட்காரலாம். மாமன் மச்சான் முறை எல்லாருக்கும் எல்லாரோடும் இருக்கும் இடத்தில் மூவரில் ஒருவராவது வெளியாளாக இருப்பது நல்லது. புகாரோடு பில், இ-வே பில், லாரி ரசீது, கணக்கு நகல் நான்கும் இல்லாமல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ராயபுரம் சொன்ன ‘கடன் கொடுக்காதே’ பற்றி ஓர் எச்சரிக்கை. ஒருவர் தன் அனுபவத்தை இன்னொருவரிடம் சொல்வது வேறு. சபை தீர்மானம் போட்டு ‘இன்னாருக்குச் சரக்கு நிறுத்து’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவது வேறு. அது 2002 போட்டிச் சட்டத்தில் கூட்டுப் புறக்கணிப்பாகப் பார்க்கப்படும், அவதூறு வழக்கும் வரலாம். விலையை ஒன்றாக ஏற்றுவது, லாரி வாடகையை ஒன்றாக நிர்ணயிப்பது இன்னும் ஆபத்து. மருந்து வணிகர் சங்கங்கள் புது ஸ்டாக்கிஸ்ட் நியமிக்கத் தங்கள் தடையில்லாச் சான்று வேண்டும் என்று வைத்திருந்த வழக்கத்தைப் போட்டி ஆணையம் சட்டவிரோதம் என்று அறிவித்து அபராதமும் விதித்தது. சபைக் கூட்டத்தின் பொருள்பட்டியலில் ‘விலை’ என்ற சொல்லே வரக்கூடாது.

பந்தர் தெரு கேட்டது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இன்னொன்று: உறுப்பினர்களிடம் மாதம் 2,000 வாங்கி, அவசரத்துக்கு ஒருவருக்கொருவர் குறைந்த வட்டியில் கொடுக்கும் நிதி ஒன்றைச் சபையிலேயே நடத்தலாமா?

உயர்நீதிமன்ற வளாகம் எழுதியது:

வேண்டாம். ஏலமோ குலுக்கலோ இருந்தால் அது சீட்டு, 1982 சட்டப்படி பதிவு வேண்டும். திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கினால் வைப்புத்தொகை, 2019இன் முறைப்படுத்தாத வைப்புத் திட்டத் தடைச் சட்டம் பாயும். முதல் தவறிய கடனிலேயே நிர்வாகிகள் பெயரில் வழக்கு வரும். கடன் தேவை என்றால் வங்கி மேலாளரைச் சபைக்கு அழைத்து முகாம் நடத்துங்கள். உறுப்பினரின் மூன்று வருடக் கணக்கையும் ஜிஎஸ்டி தாக்கலையும் முன்கூட்டியே ஒழுங்குபடுத்திக் கொடுத்தால் வங்கி கேட்பதில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

துறைமுகம் எழுதியது:

ஏற்றுமதி செய்யும் அந்த நாலைந்து பேருக்கு மட்டும். சலுகையில்லாத மூலச் சான்றிதழ் (சரக்கு எந்த நாட்டில் உருவானது என்பதற்கான சான்று) கொடுக்க, வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் பின்னிணைப்பு 2ஈ பட்டியலில் சபையின் பெயர் இருக்க வேண்டும். பதிவு செய்துவிட்டதால் மட்டும் சீல் குத்தும் உரிமை வந்துவிடாது. பட்டியலில் உள்ள பழைய சபை ஒன்றில் அவர்கள் தனியாக உறுப்பினராகட்டும். 2025 ஜனவரியிலிருந்து எல்லாம் இணையவழிதான். வரிச்சலுகை ஒப்பந்தங்களுக்கான சான்று வேறு. அதை ஏற்றுமதி ஆய்வு முகமை போன்ற அமைப்புகள் தருகின்றன. ஐஇசியை (ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்) ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் புதுப்பிக்காவிட்டால் செயலிழக்கும். ஏப்ரலில் அதை நினைவூட்டுவதைச் சபை செய்யலாம், காசு செலவில்லை.

எஸ்பிளனேடு எழுதியது:

பணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அறுபது பேர், ஆளுக்கு 1,000 என்றால் 60,000. ஒரு செயலாளருக்கு மாதம் 20,000 என்றாலே வருடத்துக்கு 2,40,000. இந்த இடைவெளியை நிரப்ப முடியாமல் ஒரு தலைவரின் கடையிலேயே சபையை நடத்துவார்கள், அவர் ஓய்ந்ததும் சபையும் ஓயும். 5,000 சந்தா வையுங்கள். 3 லட்சம் வரும், ஜிஎஸ்டி எல்லைக்கும் வெகு கீழே. அவ்வளவு கொடுக்க ஆள் வராவிட்டால், சபை தேவைப்படவில்லை என்று பொருள். அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

முதல் வருடம் செயலாளர் செய்ய வேண்டியது: எல்லாரையும் தமிழ்நாடு வணிகர் நல வாரியத்தில் சேர்ப்பது, மின்னணுத் தராசுகளுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை போடும் முகாம், ஜிஎஸ்டி குறைதீர் குழுவுக்கு உறுப்பினர்களின் புகாரை ஆதாரத்தோடு எழுதி அனுப்புவது. ‘வணிகர்கள் அவதிப்படுகிறார்கள்’ என்று மொட்டையாக எழுதிய மனு குப்பைக்குப் போகும். எந்தப் பிரிவு, எத்தனை உறுப்பினர், எந்த மாதத்திலிருந்து, என்ன திருத்தம் வேண்டும் என்ற நான்கும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். அனுப்பிய மனுவின் நகலையும் வந்த பதிலையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் வையுங்கள். அடுத்து வரும் செயலாளருக்கு அந்தக் கோப்பு கைமாற வேண்டும் என்பதையும் பைலாவில் எழுதிவிடுங்கள்.